ஒரு சின்னக் கட்டில் கூடுதலாக

பிப்ரவரி 10

இன்றைக்கு மார்க்கெட்டில் சண்டை இரண்டு. ஐஸ் கொண்டுவருகிறவனோடு ஒன்று, அடையாறிலிருந்து காரில் வரும் அம்மாவோடு ஒன்று. அந்த அம்மா வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நேத்து மீனா?" என்றது. "நேத்து மீனுன்னா நேத்தே வந்திருக்கலாமேம்மா" என்றேன். பக்கத்துக் கடை தேசம்மா சிரித்ததில் அவள் தராசு ஆடிப்போனது. கடைசியில் அந்த அம்மா வாங்கிக்கொண்டுதான் போனது.

வீட்டுக்கு வந்தால் ரோசி போனில் அந்தப் பார்க் வீடியோவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஓசூர் தாண்டிப் போகணுமாம். உள்ளேயே ஹோட்டல், உள்ளேயே அலையடிக்கிற குளம், ஆளைத் தலைகீழாகத் தொங்கவிடுகிற ரயில். பட்டினப்பாக்கத்தில் வாசலுக்கு எதிரே கடலை வைத்துக்கொண்டு, அலை பார்க்க ஓசூர் போகணுமா என்று கேட்டேன். "அந்த அலை சொன்ன நேரத்துக்கு வரும்மா. நம்ம கடல் சொன்ன பேச்சு கேக்குமா?" என்கிறாள். ஒன்பது வயசு. யார் வாய் என்று கேட்கவே வேண்டாம்.

"அந்த ரயில்ல ஏறுனா நீ கத்துவியாம்மா?"

"நான் சும்மாவே கத்துறவ. கத்துறேன், போ."

இவர் காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சுக்குப் போகிறவர். கரைக்கு வந்திருந்தார், சொன்னேன். "தடைக்காலத்துல போலாம். லாஞ்சு ஓடாது, நான் சும்மாத்தானே கீறேன்" என்றார். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று நினைக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வேளாங்கண்ணியைத் தாண்டி நாங்கள் எங்கும் போனதில்லை. அதுவும் நேர்த்திக்குத்தான். சந்தோஷத்துக்கு என்று ஒரு பயணம் போனதே கிடையாது.

பிப்ரவரி 22

விக்கிக்கு வருஷப் பூசை. சாந்தோமில் காலையில்.

விக்கி என் தங்கை டயானாவுக்கும் அவள் புருஷன் பிரசாத்துக்கும் பிறந்த பையன். போன வருஷம் காய்ச்சல் என்று படுத்தான், அந்த வாரமே போய்விட்டான். பதினொரு வயசு. பூசை முடிந்து கல்லறைக்குப் போனோம். டயானா அழவில்லை. பூவை வைத்தாள், நிமிர்ந்தாள், ரோசியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

அந்தப் பார்வை என்னை என்னவோ செய்கிறது. எழுதிவிட்டால் போய்விடுமோ என்று எழுதுகிறேன்.

ரோசி டயானா பெற்ற பிள்ளை. எனக்கு மூன்று கலைந்துபோனது. டாக்டர் இனி வேண்டாம் என்று சொன்ன வருஷம் அவளுக்கு இரண்டாவது பிறந்தது. நாற்பதாம் நாள் குழந்தையைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தவள், பூசை முடிந்ததும் நேராக என் மடியில் போட்டாள். "இனிமே உன் புள்ளக்கா." அவ்வளவுதான். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. எங்கள் பக்கம் அக்கா தங்கைக்குள் பிள்ளை கொடுப்பதெல்லாம் அப்படித்தான். குப்பம் முழுக்கத் தெரியும், ரோசிக்கும் தெரியும். "சித்தி வயித்துல பொறந்தேன், அம்மாகிட்ட வளர்றேன்" என்று ஜெபம் மாதிரி ஒப்பிப்பாள். எனக்கு அது ஒருநாளும் உறுத்தினதில்லை. இன்றைக்கு உறுத்தியது.

திரும்பி வரும்போது டயானாவிடம் பார்க் விஷயத்தைச் சொன்னேன். நீயும் பிரசாத்தும் வாங்களேன், எல்லாருமா போகலாம் என்றேன். "அந்த எடத்தை மொதல்ல சொன்னதே விக்கிதான்க்கா. அவன் பாக்காதத நான் போய் பாக்கணுமா?" என்றாள். நான்தான் யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

மார்ச் 2

புக் பண்ணியாச்சு. மே 14, 15.

போனில் பேசின பெண் நல்ல தன்மையாகப் பேசியது. "எத்தனை பேர் மேடம்?" என்றது. "அம்மா, அப்பா, பொண்ணு" என்றேன். மூன்று பேர் என்று சொன்னால் போதும். எனக்கு அப்படிச் சொல்லணும் போல இருந்தது. குழந்தைக்கு ஒரு சின்னக் கட்டில் கூடுதலாகப் போட்டுத் தருவார்களாம். பெயர் சொன்னால் தொப்பியில் பெயர் போட்டு ரூமிலேயே வைப்பார்களாம். ரோசிலின் என்று எழுத்துக் கூட்டிச் சொன்னேன். ரோசி என் முதுகில் தொங்கிக்கொண்டே, "ஊதா கலர் சொல்லும்மா" என்கிறாள்.

ஒரு சிக்கல். அந்தப் பெரிய ரயிலில் ஏற நாலடி இருக்கணும். ரோசியை ஃபிரிட்ஜ் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். ஒரு விரல் அளவு கம்மி. மே மாசத்துக்குள் வளர்ந்துவிடுவாள். தினம் முட்டை.

மார்ச் 5

சாம்பல் புதன். தவக்காலத்துக்கு ஆளுக்கு ஒரு ஒறுத்தல் எடுக்கச் சொன்னார் ஃபாதர். இறைச்சியை விடுவது மீன் விற்கிறவளுக்கு ஒறுத்தலா? எனக்கு எது கஷ்டம் என்று யோசித்தேன். யோசிக்கவே தேவையில்லை. வாய்தான். ஈஸ்டர் வரைக்கும் யாரிடமும் கோபமாக ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று பீடத்துக்கு முன்னால் நேர்ந்துகொண்டேன். விக்கி ஆத்துமாவுக்காக.

இவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நீ வாய மூடிக்கினா லாஞ்சு டீசல் இல்லாமயே ஓடும்" என்றார். தேசம்மா கேட்டுவிட்டு, "பேரம் பேசறவனுக்கெல்லாம் உங்க சாமி நல்ல சீசன் குட்துட்டாரு" என்றாள்.

சிரித்துக்கொண்டேன். அதுதானே ஒறுத்தல்.

மார்ச் 8

டயானா சமைப்பதே இல்லையாம். பிரசாத் சொல்லி வருத்தப்பட்டான். வருஷப் பூசைக்குப் பிறகு இன்னும் மோசம். விக்கி அறைக் கதவைச் சாத்திவிட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறாளாம், லைட்கூடப் போடாமல்.

சாவு விழுந்த வீட்டில் ஒரு பிள்ளைச் சத்தம் இருக்கட்டும் என்று சொந்தத்தில் யாராவது ஒரு பிள்ளையை அனுப்பி வைப்பது எங்களில் வழக்கம். போன வருஷமே அனுப்பியிருக்கணும். இப்போதாவது என்று ரோசியை சனி ஞாயிறுக்கு மெட்ரோவில் கூட்டிக்கொண்டு போய் நங்கநல்லூரில் டயானா வீட்டில் விட்டு வந்தேன். "சித்தி கூடவே இரு, அவங்க சாப்பிட்டாங்களான்னு பாரு" என்று சொல்லித்தான் விட்டேன்.

நான்தான் சொன்னேன்.

மார்ச் 16

டயானா மீன் குழம்பு வைத்தாளாம். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் மீன் குழம்பு. பிரசாத் போனில் அழுகிறான். நானும் அழுதேன். கடவுளே, இது போதும்.

இந்த சனி ஞாயிறும் ரோசி அங்கேதான், இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும்க்கா என்றான். அவன் லிஃப்ட் ரிப்பேர் வேலைக்கு அடையாறு வருகிறவன், பக்கம்தானே, ரோசியை சாந்தோம் ஸ்கூலில் இறக்கிவிடுகிறேன் என்றான். சரி என்றேன்.

மார்ச் 21

வெள்ளிக்கிழமை. தவக்கால வெள்ளி என்றால் சனம் கறி தொடாது, மீன்தான், எங்களுக்கு நிற்க நேரமிருக்காது. பதினோரு மணிக்கே கூடை காலி. வீட்டுக்கு வந்தால் வீடும் காலி.

மார்ச் 27

ஸ்கூல் விடுகிற நேரம் கேட்டில் போய் நின்றேன். ரோசி ஓடிவந்தாள். புது ஸ்கூல் பை. "விக்கி அண்ணன் ரூம்லதான் தூங்குறேன். சைக்கிள் எடுத்துக்கோன்னு சித்தி சொல்லிட்டாங்க" என்றாள். விக்கி சைக்கிளை யாரும் தொடக்கூடாது என்று டயானா துணி போட்டு மூடி வைத்திருந்தாளே.

முட்டை சாப்பிடுகிறாயா என்றேன். சித்தி தோசையில் ஊற்றித் தருகிறார்களாம். என் வீட்டில் முட்டை என்றால் மூக்கைப் பொத்துவாள்.

அதற்குள் பிரசாத் பைக்கோடு வந்துவிட்டான். நான் கை காட்டினேன்.

ஏப்ரல் 4

இன்றைக்குக் கூட்டி வந்துவிடுவது என்று முடிவு பண்ணித்தான் போனேன். பையில் அவள் செருப்பைக்கூட வைத்திருந்தேன்.

டயானா ரோசிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது. ஒரு வருஷமாக நான் பார்க்காத முகம். "பரீட்சை முடியட்டும்க்கா, நான் பாடம் சொல்லிக் குடுத்துக்கினு இருக்கேன், நடுவுல மாத்தாத" என்றாள். நியாயம்தான். எனக்குக் கணக்கெல்லாம் வராது. ஆனால் அவள் அதைச் சொன்ன விதம் இருக்கிறதே, என்னமோ நான் அவள் பிள்ளையைக் கேட்டு வந்தவள் மாதிரி.

தொண்டை வரைக்கும் வந்தது. எம்மா, வாய்க்கு வந்தபடி கேட்டிருப்பேன். உன் பொண்ணாடி இவ, என் பொண்ணுடி, தொணைக்கு விட்டா துண்டு போட்டு புடிச்சிக்குவியா என்று கேட்டிருப்பேன். நேர்த்தி. விக்கி பேரில் நேர்ந்தது. அவன் படம் வேறு சுவரில் மாலையோடு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. காபி குடித்துவிட்டு வந்தேன்.

செருப்பு பையிலேயே இருக்கிறது.

ஏப்ரல் 15

தடைக்காலம் ஆரம்பம். இவர் துணிமணியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். உள்ளே நுழைந்ததும், "ரோசி எங்க?" என்றார்.

"டயானா வீட்ல."

"இன்னுமா?"

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் உறைத்தது. எனக்கு நாள் நாளாகப் போனது, ஒவ்வொரு நாளும் ஒரு நியாயம் இருந்தது. கடலில் இருந்து வந்தவருக்கு மொத்தமாகத் தெரிந்துவிட்டது.

போய் கூட்டியாரேன் என்று சட்டையை மாட்டினார். நான்தான் தடுத்தேன். அங்கே போய் நீங்கள் ஒன்று சொல்ல, அவள் ஒன்று சொல்ல, வேண்டாம். ஈஸ்டர் வரட்டும், என் வாய்க்கட்டு அவிழட்டும், நானே பேசிக்கொள்கிறேன் என்றேன். ஈஸ்டருக்கு எல்லாரும் நம் வீட்டில்தான் சாப்பிடப் போகிறோம், சாப்பிட்டுவிட்டு அவர்கள் கிளம்பும்போது ரோசி இங்கேயே இருந்துவிடுவாள், அவ்வளவுதானே.

ஏப்ரல் 18

பெரிய வெள்ளி. சிலுவைப்பாதையில் அவர்கள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். ரோசி டயானா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒரு ஸ்தலத்தில் எல்லாரும் முழங்கால் போட்டபோது டயானா தன் முந்தானையை மடித்துத் தரையில் போட்டு, ரோசி முட்டி வலிக்காமல் அதில் வைக்கச் சொன்னாள்.

நான் என்ன ஜெபம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

ஏப்ரல் 20

ஈஸ்டர்.

காலையில் இருந்து பிரியாணி. ரோசி உள்ளே வந்ததும் கவனித்தேன், பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறியிருக்கிறது. ஃபிரிட்ஜ் பக்கத்தில் நிறுத்தினேன். நாலடிக்கு மேலேயே இருக்கிறாள். என் கண் முன்னால் வளர வேண்டியவள், அங்கே வளர்ந்துவிட்டு வந்து நிற்கிறாள்.

சாப்பிட்டு முடித்ததும் கேக்கைத் தேசம்மா வீட்டில் கொடுத்துவிட்டு வா என்று ரோசியை அனுப்பினேன். நான் பேச ஆரம்பிக்கலாம் என்று. எனக்கு முன்னால் பிரசாத் ஆரம்பித்தான். கை துடைத்த துண்டையே பார்த்துக்கொண்டு சொன்னான். "அக்கா, ஜூன்ல ரோசிய நங்கநல்லூர்லயே ஸ்கூல் சேத்துடலாம்னு இருக்கோம்."

"எந்த ரோசிய?" என்றேன்.

பிரசாத் துண்டை மடித்துக்கொண்டேயிருந்தான்.

அப்புறம் பேசினேன். பேசினேனா, கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். சோறு போட்டவ நான், ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தவ நான், தொணைக்கு அனுப்புன புள்ளய அமுக்கிக்கப் பாக்கறீங்களா, கூடப் பொறந்தவளாடி நீ. என்னென்னவோ. டயானா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். கடைசியில், "நாப்பதாம் நாளு நீதானடி கொண்டாந்து என் மடியில போட்ட? நானா வந்து கேட்டேன்?" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லை அவள் முகத்தில்.

"போட்டேன்க்கா. அப்ப என்கிட்ட ரெண்டு இருந்துச்சு."

தவக்காலம் முழுக்கச் சேர்த்து வைத்த வாய் அதோடு நின்றுபோனது.

ரோசி எப்போது திரும்பி வந்தாள் என்று தெரியவில்லை. வாசலில் காலித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். டயானா எழுந்தபோது அவள் என்னைப் பார்த்தாள், டயானாவைப் பார்த்தாள். அப்புறம் போய் டயானா செருப்பை எடுத்து நேராக வைத்தாள். போய்விட்டார்கள்.

ஏப்ரல் 21

மார்க்கெட்டுக்குப் போகவில்லை.

ஏப்ரல் 26

தேசம்மா விடுவதாக இல்லை. "எழுதி வாங்கினியாடி? ஒரு துண்டு சீட்டு?" என்று கேட்கிறாள். கூடப் பிறந்தவளிடம் எழுதி வாங்குவார்களா? "அப்போ பஞ்சாயத்துல வையி. வளத்தவளுக்குத்தான் புள்ளன்னு சொல்லுவாங்க. நான் வந்து சொல்றேன்."

இவரிடம் சொன்னேன். வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் நிமிரவேயில்லை.

"வெச்சா ஜெயிப்போம்" என்றார். "ஜெயிச்சுட்டு? எழவு வூட்ல இருந்து புள்ளய இட்டுக்கினு வரணும். என்னால முடியாது ஜெனி. நீ வோணா போ."

"அப்போ நம்ம வீடு என்ன வீடு? இது எழவு வீடு இல்லையா?"

வலை ஊசியில் நூலைக் கோத்தார். எனக்கு இவர் மேல் இருக்கிற ஆத்திரம் டயானா மேல்கூட இல்லை. நல்லவராக இருப்பதற்கு இவருக்கு இந்த நேரம்தான் கிடைத்ததா. பெத்த அப்பன் மாதிரி தூக்கித் தூக்கித் திரிஞ்சாரே, எப்படி இப்படி ஊசியைக் கோத்துக்கிட்டு உட்காந்திருக்க முடியுது?

மே 3

நங்கநல்லூர் போனேன். சண்டைக்கு இல்லை. டயானா கதவைத் திறந்தவள், என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். ஈஸ்டர் அன்றைக்குச் சொன்னதற்கு மன்னித்துவிடு என்று நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

பார்க் டிக்கெட் இருக்கிறது, மே 14, இரண்டு நாள் மட்டும் ரோசியை அனுப்பு என்றேன். அனுப்பு என்று கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன். டயானா, "அவகிட்டயே கேளுக்கா. அவ வரேன்னா நான் தடுக்க மாட்டேன்" என்றாள். சத்தியமாகத் தடுக்கமாட்டாள், எனக்குத் தெரியும்.

ரோசி கண் விரிந்தது. ஊதா தொப்பி வைப்பார்களா என்று கேட்டாள். வரேன் என்றாள்.

வரேன்னு சொல்லிட்டா. இரண்டு நாள் என்னோடு இருக்கப்போகிறாள். இரண்டு நாளில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். பஸ்ஸில் மடியில் படுத்துக்கொள்வாள். திரும்பி வரும்போது, அம்மா, நம்ம வீட்டுக்கே போலாம் என்று அவளே சொல்லலாம். சொன்னால் அப்போது யார் என்ன செய்ய முடியும்? நானாகக் கேட்கமாட்டேன். அவளாகச் சொல்லட்டும்.

ஒன்று கவனித்தேன். இருந்த நேரம் முழுக்க ரோசி என்னைக் கூப்பிடவே இல்லை. "இங்க பாரு", "இதை சாப்பிடு", அவ்வளவுதான். அம்மா என்றும் இல்லை, பெரியம்மா என்றும் இல்லை. யாருக்கும் நோகாமல் இருக்க அதுவாகவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது.

மே 7

பையில் வைத்தது: அவள் நீச்சல் உடுப்பு, இரண்டு கவுன், பஸ்ஸில் குமட்டாமல் இருக்க எலுமிச்சம்பழம் (கிளம்புவதற்கு முன்னால் வாங்கணும்), தேங்காய் எண்ணெய், ஏப்ரலில் கொண்டுபோய்த் திரும்பிக் கொண்டுவந்த அந்தச் செருப்பு. செருப்பு சேருமா என்று தெரியவில்லை.

இவர் புதுச் சட்டை வாங்கியிருக்கிறார். ஊதா.

மே 11

காலையில் போன். ரோசியேதான் பேசினாள்.

"நான் வரல."

ஏன் என்றேன்.

"நான் வந்துட்டா அவங்க சாப்பிட மாட்டாங்க. சும்மா சாப்ட்டேன் சாப்ட்டேன்னு பொய் சொல்லுவாங்க." அப்புறம் சொன்னாள், "உனக்கு அப்பா கீறாருல்ல. நீ சண்டையாவது போடுவ. அவங்களுக்கு அதுவும் தெரியாது."

சித்தி சாப்பிட்டாங்களா என்று பார்த்துக்கொள் என்று மார்ச் மாசத்தில் நான் சொல்லி விட்டேனே. அதைத்தான் செய்கிறாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. நான் வளர்த்த பிள்ளை.

சரிம்மா என்றேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, சரிடா செல்லம், இன்னொரு தடவை போகலாம் என்றேன். அவள் போனை வைத்ததாக நினைத்துவிட்டாள். வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. "ம்மா, பேசிட்டேன். சார்ஜர் எங்க?"

நான்தான் கட் பண்ணினேன்.

மே 12

போகவேண்டாம் என்றேன். இவர், "வூட்ல கீந்தா அவ துணிய மடிச்சுக்கினே இருப்ப. கெளம்பு" என்றார்.

எலுமிச்சம்பழம் வாங்கினேன். எதற்கு வாங்கினேன் என்று வீட்டுக்கு வந்துதான் கேட்டுக்கொண்டேன்.

மே 14

வந்துவிட்டோம். பார்க் ரொம்பப் பெரிசு. ரோசி சொன்னது எதுவும் பொய்யில்லை. அலை மணியடித்ததும் வருகிறது, மணியடித்ததும் நிற்கிறது. இவர் கரையில் நின்று பார்த்துவிட்டு, "இப்டி ஒரு கடல் கெடச்சா நான் ஏன் லாஞ்சுக்குப் போறேன்" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

எங்கே பார்த்தாலும் குடும்பம் குடும்பமாக. வரிசையில் எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் பிள்ளைகள். ஒரு அம்மா என்னிடம், "உங்க பசங்க முன்னாடி போய்ட்டாங்களா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன்.

அந்த ரயிலுக்கு வாசலில் ஒரு கரடி பொம்மை கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தக் கைக்குக் கீழே தலை இடிக்காதவர்கள் ஏறக்கூடாது. ரோசிக்கு இடிக்கும். நான் கையை வைத்துப் பார்த்தேன், நன்றாகவே இடிக்கும்.

ஏறினோம். மேலே போய் ஒரு நொடி நின்றது. கீழே விழுந்தது. கத்தினேன். கத்துறேன்னு அவகிட்ட சொல்லியிருந்தேன்ல, அதுக்காகத்தான் ஆரம்பிச்சேன். அப்புறம் நிறுத்த முடியல. காபி குடிச்சிட்டு வந்தேனே, அன்னைக்குக் கேட்காததெல்லாம் கேட்டேன். டயானாவை, பிரசாத்தை, இவரை, சாமியை, செத்துப்போன அந்தப் பிள்ளையைக்கூட. ஏன்டா போன, நீ இருந்திருந்தா எம்புள்ள எங்கிட்ட இருந்திருக்குமே. சுற்றிலும் எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது.

இறங்கும்போது தொண்டை கட்டிவிட்டது. இவர் என் கையை விடவே இல்லை. வரிசையைக் காட்டி, "இன்னொரு தபா போலாமா?" என்றார். எல்லாம் கேட்டிருக்கிறது அவருக்கு.

மே 15

மதியம் ரூமைக் காலி பண்ணணும்.

நேற்று வந்தபோதே பார்த்தேன், எழுதவில்லை. பெரிய கட்டில் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டில் போட்டிருக்கிறார்கள். நட்சத்திரம் போட்ட போர்வை. அதன் மேல் ஊதா தொப்பி, ரோசிலின் என்று வெள்ளை நூலில். வேண்டாம் என்று முன்னாலேயே போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். எனக்குச் சொல்ல மனசு வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கட்டிலைச் சுற்றிக்கொண்டே நடந்தோம், ஒருத்தர் படுத்திருப்பது மாதிரி.

காலையில் ரூம் சுத்தம் பண்ண ஒரு அம்மா வந்தது. கிருஷ்ணகிரிப் பக்கம், நல்ல தமிழ். பெரிய கட்டிலை உதறிப் போட்டுவிட்டு சின்னக் கட்டிலுக்குப் போய், போர்வை கலையாமல் இருப்பதைப் பார்த்தது. தொப்பியை எடுத்துத் தூசி தட்டி மறுபடி வைத்தது.

"பாப்பா வரலீங்களா?"

இவர் ஜன்னல் பக்கம் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். கை நின்றதைப் பார்த்தேன்.

"இல்லம்மா" என்றேன். "அவ அவங்க அம்மாகிட்ட இருக்கா."

கட்டிப்போன தொண்டை. இருந்தாலும் வார்த்தை தெளிவாகத்தான் வந்தது. இந்த ஒன்பது வருஷத்தில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என்னிடம்கூட. அந்த அம்மா, "அப்படிங்களா" என்று சொல்லிவிட்டுக் குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு போனது.

நான் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், இவர் சின்னக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். ஊதாச் சட்டை, கிளம்புவதற்கு எல்லாம் மாட்டிக்கொண்டு. தொப்பியை நெஞ்சோடு பிடித்திருக்கிறார். முட்டி வரைக்கும்தான் கட்டில் பிடித்திருக்கிறது, மீதிக் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. முதுகு குலுங்குகிறது. ஈஸ்டரில் இருந்து நான் திட்டித் தீர்த்த மனுஷன்.

எழுப்பவில்லை. அவர் கால் செருப்பை மட்டும் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.